உள்ரயரில் காற்று இருக்கிறதா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டதும் ஏ-9 வீதியின் தோற்றம் மெல்ல மாறத் தொடங்கியது. ஏறத்தாழ ஐந்து வருடங்களாக விலை ஏறி ஏறிக் கைமாறிக்கொண்டிருந்த பழைய வான்களுக்கும் கார்களுக்கும் இடையில், சத்தமில்லாமல் ஓடுகிற சீன மின்சாரக் கார்கள் தலைகாட்டுகின்றன. உள்ளே ஏறிப் பார்த்தால் திரையில் நான்கு சில்லுகளின் படம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். காற்று குறைந்தால் செம்மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். மேற்புறம் திறந்த வளைவு, அடியில் சிறு பற்கள், நடுவே ஆச்சரியக்குறி. ரயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி என்பது இதுதான்.

இந்த வசதி இல்லாத வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் இப்போது ஆசை வந்திருக்கிறது. வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் முறுக்கிவிடும் சிறிய சென்சர்கள் நான்கும், டாஷ்போட்டில் ஒட்டிவைக்கும் சூரிய ஒளித் திரை ஒன்றும் சேர்ந்த பெட்டி இணையத்தில் விற்பனைக்குக் கிடக்கிறது. மலிவான வகைகளின் விலை ஒரு நல்ல ரயரின் விலையை விடக் குறைவு. வாங்கலாமா, வீண்செலவா என்பது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ரயர்க்கடை வாசலில் அடிக்கடி எழுகிற கேள்வி. வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் வன்னியில் இதை முதலில் பூட்டவேண்டிய வாகனம் புதுக் கார் அல்ல. அதற்கு வருமுன், இந்த விளக்கு எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி, ஃபயர்ஸ்ரோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்டவை. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ரயரின் மேற்பட்டை உரிந்து கழன்றது, வாகனங்கள் புரண்டன. அந்த விபத்துகளில் இறந்தவர்களின் தொகை இருநூறைத் தாண்டியது. அந்த வாகனத்துக்குப் போர்ட் நிறுவனம் பரிந்துரைத்த காற்று 26 பி.எஸ்.ஐ., ரயர் செய்த நிறுவனம் பரிந்துரைத்தது 30. யார் பிழை என்று இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டெக்சஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா என்று வெயில் கொளுத்தும் மாநிலங்களிலேயே இந்த விபத்துகள் கூடுதலாக நடந்தன. குறைந்த காற்று, கூடிய பாரம், நீண்ட நேரான வீதி, கடும் வெயில். வைகாசி மாத மத்தியானத்தில் ஆனையிறவிலிருந்து வவுனியா நோக்கி ஆட்களும் பொதிகளும் நிறைந்து வருகிற ஹயஸ் வானுக்கும் இவை நான்கும் பொருந்தும்.

அதே வருடம் நவம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி கிளின்ரன் கையெழுத்திட்ட சட்டம் இந்தக் கருவிக்கு வழிவிட்டது. 2007 செப்ரெம்பருக்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்ட எல்லா இலகுரக வாகனங்களிலும் அது கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. சீனாவிலும் 2020இலிருந்து அப்படியே. ஜப்பான் தன் உள்நாட்டுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கவில்லை. நம்முடைய வீதிகளை நிறைத்திருப்பவை ஜப்பானிலிருந்து வந்த வாகனங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்த விளக்கு இல்லாததற்கும், சீனக் காரில் இருப்பதற்கும் காரணம் இதுதான். நம் ஊர் வெயிலையோ வீதியையோ கணக்கில் எடுத்து யாரும் முடிவு செய்யவில்லை.

காற்றுக் குறைந்த ரயர் எப்படிச் சாகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். சராசரிக் காரின் சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக நகரும். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குச் சுமார் 75 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை ஓடி முடிக்க ஒவ்வொரு சில்லும் ஏறத்தாழ 38,000 தடவை சுழலவேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் ரயரின் பக்கச்சுவர் நிலத்தைத் தொடும் இடத்தில் மடிந்து, பிறகு நிமிர்கிறது. காற்று அளவாக இருந்தால் மடிப்புச் சிறிது. குறைந்தால் மடிப்புப் பெரிது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்த கம்பி சூடாவதைப் போல, ரப்பரும் உள்ளேயிருக்கும் நூலும் உருக்குப் பட்டியும் சூடேறுகின்றன. வெளியே தார் வீதியும் கொதிக்கிறது. சூடு போக வழியில்லாமல் ஒட்டுப் பிரிகிறது, பட்டை கழல்கிறது. வெடித்த பிறகு சாரதி இறங்கிப் பார்த்து, 'புது ரயர் ஐயா, கட்டை குறையவே இல்லை' என்பார். கட்டை குறைந்திருக்காது, உண்மைதான். காற்றுத்தான் குறைந்திருந்தது.

சரி, குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாதா? தெரியாது. சைக்கிளில் வளர்ந்த சமூகம் நாங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய மண் இது. விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். அன்று பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்தே காற்றின் கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். சைக்கிளின் மெல்லிய ரயருக்கு அது போதும். இன்றைய ரேடியல் ரயர் வேறு சாதி. காற்றுச் சரியாக இருக்கும்போதே அதன் அடிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 32 இருக்கும் ரயரையும் 24 இருக்கும் ரயரையும் அருகருகே நிறுத்தினால் பழகிய சாரதிக்கும் வித்தியாசம் பிடிபடாது. பெருவிரலுக்கோ, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதற்கோ இங்கே வேலையில்லை.

ரியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறினால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ரியூப் உள்ள ரயர் பெரும்பாலும் அந்த இடத்திலேயே காற்றுப் போய்ப் படுத்துவிடும், நமக்கும் தெரிந்துவிடும். ரியூப் இல்லாததில் ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். நாளுக்கு ஒன்று, இரண்டு என்று காற்றுக் கசியும். ஒரு கிழமை ஓடிய பிறகும் வண்டி சரியாக இருப்பது போலவே தோன்றும். கருவி தன் விலையைத் திருப்பித் தருவது இந்தக் கசிவில்தான். வெடித்த பிறகு அலறுவதற்கு யாருக்கும் கருவி தேவையில்லை.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கருவி பூட்டிய வாகனங்களில் ரயர் கடுமையாகக் காற்றிழந்து ஓடும் வாய்ப்பு பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் 55.6 வீதம் குறைந்திருந்ததாகக் கண்டது. இது சின்ன விடயமல்ல. ஆனால் எரிபொருள் மிச்சம் என்று சொல்லி விற்பவர்களை நம்பவேண்டாம். நான்கு ரயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருட் செலவு 0.2 வீதம் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. எட்டுக் குறைந்தாலும் 1.6 வீதம்தான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்தபோது, அந்த இருபதில் அது மூன்றில் ஒரு லீற்றர்கூட வந்திருக்காது. மிச்சம் பிடிப்பது ரயரின் ஆயுளிலும் ஆட்களின் உயிரிலும்தான். பெற்றோலில் அல்ல.

கருவிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று சில்லுக்குள்ளேயே சென்சர் வைத்து அழுத்தத்தை நேரடியாக அளப்பது. மற்றது பிறேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் ஏ.பி.எஸ். சென்சர்களை வைத்துக்கொண்டு, எந்தச் சில்லு மற்றவற்றை விட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து ஊகிப்பது. காற்றுக் குறைந்த சில்லின் விட்டம் சற்றே சுருங்குவதால் அது கூடுதலாகச் சுற்றும். கெட்டித்தனமான யோசனைதான். ஆனால் நான்கு சில்லிலும் ஒரே அளவில் காற்றுக் குறைந்தால் இந்த வகைக் கருவிகள் பல ஏமாந்துபோகும். மாதக்கணக்கில் காற்றே பார்க்காத வாகனத்தில் அப்படித்தான் குறையும். ஒரு பழுதும் இல்லாத ரயரே மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவில் இழக்கும்.

நேரடி வகையிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது காற்று 25 வீதம் குறைந்த பிறகு. 32 இருக்கவேண்டிய ரயர் 24க்கு இறங்கும்வரை விளக்கு வாய் திறக்காமல் இருக்கலாம். விளக்கு எரியவில்லை, ஆகவே காற்றுச் சரி என்று நினைப்பது ஆபத்தான நினைப்பு. வெளியே பூட்டும் மலிவுக் கருவி எண்ணையே காட்டுகிறது, எச்சரிக்கை எல்லையையும் நாமே வைக்கலாம். 15 வீதத்தில் வையுங்கள். வாங்கும்போது சென்சரும் திரையும் ஒரே அலைவரிசையில் இயங்குபவையா என்றும் கேளுங்கள். 315, 433 மெகாஹேர்ட்ஸ் என்று இரண்டு உண்டு. காருடன் வந்த சென்சர் பழுதாகி ஒன்றை மட்டும் தனியே வாங்குகிறவர்கள் மாட்டுப்படுவது இங்கேதான். சில்லுக்குள் இருக்கும் சென்சரின் பற்றரியை மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து வருடங்களில் அது தீர்ந்ததும் ரயரைக் கழற்றிப் புதுச் சென்சர் போடவேண்டும். முல்லைத்தீவு, கொக்கிளாய் போன்ற கரையோர உப்புக்காற்றில் வெளியே பூட்டும் உலோக மூடி வால்வோடு பிடித்துக்கொள்ளும். இடைக்கிடை கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டும்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் இந்த விளக்கைப் பெரிதாக மதிப்பதில்லை. பனிக்காலக் காலையில் குளிருக்குக் காற்றுச் சுருங்கி விளக்கு தானாக எரியும், கொஞ்சம் ஓடியதும் அணையும். பத்துத் தடவை அப்படி நடந்தால் பதினோராவது தடவை யார் இறங்கிப் பார்ப்பார்கள்? வன்னியில் அந்தப் பொய் எச்சரிக்கை கிட்டத்தட்ட இல்லை. மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையில் நமக்கு அவ்வளவு குளிர் வித்தியாசம் கிடையாது. இங்கே விளக்கு எரிந்தால் நம்பலாம். அவர்களுக்கு வாய்த்ததை விட நமக்கு இது நம்பகமான கருவி என்றே சொல்வேன்.

நமக்குள்ள குழப்பம் மறுபக்கத்தில். காலையில் 32 காட்டிய ரயர், மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு 36, 37 என்று காட்டும். அதைக் கண்டு பயந்து வவுனியாவில் நிறுத்திக் காற்றை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. இறக்கவே கூடாது. கதவுத் தூணில் எழுதியிருப்பது குளிர்ந்த ரயரின் அளவு. சூட்டில் ஏறியதை இறக்கினால், மறுநாள் காலை ரயர் குறைந்த காற்றோடு கிளம்பும்.

அந்தக் கதவுத் தூணையும் ஒருமுறை பாருங்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஜப்பான் வாகனத்தில் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஆனால் எண்கள் எல்லோருக்கும் பொது. 220 என்று இருந்தால் அது கிலோபஸ்கல், நம் கணக்கில் 32. 240 என்றால் 35. முன்னுக்கு வேறு, பின்னுக்கு வேறு இருக்கலாம். பாரம் ஏற்றும்போது இன்னொரு அளவு இருக்கலாம். இதைப் பாராமல், 'எவ்வளவு அடிக்கிறது அண்ணை?' 'முப்பது அடி தம்பி' என்று காருக்கும் வானுக்கும் பட்டா வண்டிக்கும் ஒரே முப்பதை அடித்துக்கொண்டு போகிறோம். சரியான எண் எது என்று தெரியாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

கருவிக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. ரயரின் வயது அதற்குத் தெரியாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது கிழமையில் செய்தது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்காக வருடம் முழுவதும் முற்றத்தில் நிற்கும் வான்களில் கட்டை புதிதாக இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். டக் போட்ட, அதாவது பழைய ரயரில் புதுக் கட்டை ஒட்டிய, ரயரின் ஒட்டு எப்படி இருக்கிறது என்றும் கருவிக்குத் தெரியாது. உள்வீதியில் கிரவல் கல் கிழித்த பக்கச்சுவரையும் அது காணாது.

எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் சட்டைப்பையில் வைக்கக்கூடிய ஒரு காற்றுமானி போதும். இரண்டு மூன்று சில்லைக் குனிந்து அளக்க அதிக நேரம் போகாது. உழவு இயந்திரத்துக்கு வேண்டவே வேண்டாம். வயலில் ஒரு காற்று, தாரில் ஒரு காற்று என்று மாற்றி ஓடும் பெரிய ரயர் அது. பிடிப்புக்காக உள்ளே தண்ணீர் நிரப்புகிறவர்களும் உண்டு. அப்படி நிரப்பியிருந்தால் வால்வு மேலே வரும்படி சில்லை நிறுத்திவிட்டுத்தான் அளக்கவே முடியும்.

மின்சாரக் கார்க்காரர் கருவியை அலட்சியம் செய்யக்கூடாது. அந்தக் கார்கள் பலவற்றில் ஸ்பெயர் வீல் கிடையாது. ஒரு பசைப் போத்தலும் சின்னப் பம்மும்தான். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் ஒட்டுசுட்டானைத் தவிர்த்தால் காடே கூடுதல். இருட்டிய பிறகு யானை கடக்கிற இடங்களில் சில்லு கழற்ற யாருக்கு மனம் வரும்? காற்றுக் குறைகிறது என்று மாங்குளத்திலேயே தெரிந்தால் அங்கேயே ஒட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிப் போகிற அம்புலன்ஸுக்கும் இதே நியாயம், இன்னும் பல மடங்கு அழுத்தமாக.

இனி நான் முதலில் குறிப்பிட்ட வாகனத்துக்கு வருகிறேன். பஸ், லொறி, ரிப்பர். இவற்றின் பின்பக்கத்தில் ஒவ்வொரு புறமும் இரண்டு ரயர்கள் ஒட்டி நிற்கும். வெளிரயர் எல்லோருக்கும் தெரியும். உள்ரயரைப் பார்க்க நிலத்தில் படுத்து, லைற் அடித்துக் குனிய வேண்டும். பார்த்தாலும் பயன் குறைவு. உள்ரயரில் காற்றுப் போனாலும் வெளிரயர் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்பதால், எதுவும் நடக்காதது போலவே அது தொங்கிக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள சாரதிகள் புறப்படுமுன் ஓர் இரும்புக்கம்பியால் ஒவ்வொரு ரயராகத் தட்டுவார்கள். காற்றுள்ளது 'டங்' என்று திருப்பி அடிக்கும், இல்லாதது 'தொப்' என்று அமுங்கும். இந்தச் சத்தம் வெறும் ரயரைப் பிடித்துத் தரும். நூறு இருக்கவேண்டிய இடத்தில் எழுபத்தைந்து இருப்பதைப் பிடித்துத் தராது.

உள்ரயர் தளர்ந்தால் இரண்டு ரயரின் பாரமும் வெளிரயரின் தலையில். அளவுக்கு மேல் மணலோ கிரவலோ ஏற்றிய ரிப்பர் என்றால் சொல்லவே வேண்டாம். வெளிரயர் கொதித்து வெடிக்கும். அல்லது தளர்ந்த ரயர் பக்கத்து ரயரோடு உரசி உரசிச் சூடேறித் தீப்பிடிக்கும். இரட்டைச் சில்லு வாகனங்களில் இது உலகம் முழுக்கத் தெரிந்த ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையிலிருந்து புதிய வகைப் பஸ், லொறிகளுக்கும், 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய பஸ், லொறிகளுக்கும் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊரில் அம்பது பேரை ஏற்றிக்கொண்டு இரவு முழுவதும் கொழும்புக்கு ஓடுகிற பஸ்ஸின் உள்ரயருக்குக் காவல் ஒரு கம்பியும் ஒரு காதும்தான். அந்தச் சாரதிகளின் காதில் எனக்கு மரியாதை உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் பயணிகள் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்கள். ஆனால் கம்பியால் தட்டுவது நிற்கும்போது மட்டும். புளியங்குளம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கையில் உள்ரயர் இறங்கத் தொடங்கினால் அவருக்கு யார் சொல்வது?

இதற்குப் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. மாகாணத்துக்குள் ஓடுபவற்றுக்கு வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. பஸ்ஸும் லொறியும் வருடாவருடம் தகுதிச் சான்றிதழும் எடுக்க வேண்டும். இரவில் நீண்ட தூரம் ஓடும் பஸ்களின் அனுமதியைப் புதுப்பிக்கும்போது பின்சில்லுகளுக்குச் சென்சர் வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். பெற்றோல் பம்பின் லீற்றரைச் சோதித்து முத்திரையிடுகிற அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம், அதே வளவில் நிற்கும் காற்றுமானியையும் கையோடு சோதிக்க வேண்டும். லீற்றரில் ஏமாந்தால் காசு போகும். காற்றில் ஏமாந்தால் போவது வேறு.

பஸ் உரிமையாளர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். லீசிங் கட்டி, டீசல் அடித்து, உதிரிப்பாகம் வாங்கி மிஞ்சுவதில் ஓடுகிறவர்கள். ஆறு சில்லுக்கும் ஒன்றாகப் பூட்ட வசதியில்லை என்றால் பின் நான்குக்குப் பூட்டட்டும். அதுவும் முடியாதென்றால் உள்ரயர் இரண்டுக்கு மட்டும், காற்றடிக்கும் வால்வு நீட்டுக்குழாயோடு சேர்த்து, இந்தக் கிழமையே பூட்டட்டும்.